கல்பாலத்தில் இறக்காத பாடை

இப்போதெல்லாம் சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் செருப்பைக் கழற்றக்கூட நேரமில்லை. செல்போனைப் பார்த்தபடியே ஒரு கும்பிடு, அதோடு துக்கம் தீர்ந்தது. பாடையை ஒட்டி நடந்த கருப்பையா இதைச் சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனார்.

பாடையில் அவர் மனைவி ராமாயி. கல்கத்தா ஜாதவ்பூரில் இட்லிக் கடைக்கு மாவாட்டியே தேய்ந்தவள். வாடகை கட்டுப்படியாகாமல் இருவரும் தெற்கே இந்த ரயிலடி ஊருக்கு வந்து சேர்ந்தார்கள்.

நியூ டவுனிலிருந்து வந்த மகன் ரமணன் கண்ணாடி வண்டி பேசியிருந்தான். கருப்பையா விடவில்லை.

"வண்டியில ஏத்துனா நடுவழியில யாருடா இறக்கித் தலைமாத்துவா? உங்கம்மா தோள்லதான் போவா."

பாதி வழியில் பாடையை இறக்கி, திசை மாற்றித் தூக்க வேண்டும். அப்போதுதான் போனவர்களுக்கு வீட்டு வழி மறக்கும். அந்தப் பாதி வழி, தண்டவாளத்துக்கு மேலே வெள்ளைக்காரன் கட்டிய கல்பாலம். அதற்கு அந்தப் பக்கம் சுடுகாடு.

பக்கத்து வீட்டு துலாலும் அவன் ஆட்களும் "ஹரி போல்" சொல்லித் தோள் கொடுத்தார்கள். கொள்ளிச்சட்டியோடு ரமணன் முன்னால் போனான்.

பாலத்து உச்சியில் கருப்பையா கையைக் காட்டினார். "இங்க இறக்குங்க."

சீருடைக் காவலாளி ஓடி வந்தான். "நாமாபேன் நா, மேஷோமஷாய்!" இறக்கக் கூடாதாம். புராதனச் சின்னமாம். கல்லையெல்லாம் கழுவியாயிற்றாம், நாளைக்கு யாரோ பெரிய ஆள் வந்து விளக்குப் போடப் போகிறாராம்.

"மாடு சாணி போட்டுட்டுப் போகுதே, அதுகிட்டச் சொன்னியா? எம் பொண்டாட்டி செத்த நேரம் படுத்தா கல்லு கரைஞ்சிருமா?"

அவனுக்குத் தமிழ் புரியவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படமெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் பாடையையும் சேர்த்து எடுத்தாள்.

ரமணன் காவலாளியிடம் வங்காளத்தில் தணிந்து பேசினான். மன்னிப்புக் கேட்கிற குரல். பிறகு அப்பாவிடம் வந்தான்.

"விடுங்கப்பா. சுடுகாட்டு வாசல்ல திருப்பிக்கலாம். எல்லாம் ஒண்ணுதான்."

"வாசலுக்குப் போயிட்டா அது என்னடா பாதி வழி?"

பாடை நகர்ந்துவிட்டது.

வாசலில் திருப்பினார்கள். "பாத்தீங்களா, முடிஞ்சிருச்சு" என்றான் ரமணன், காரைப் பின்னால் எடுத்து நிறுத்தியவன் மாதிரி. கருப்பையா வாய்க்கரிசி போட்டார். மகன் கொள்ளி வைத்தான்.

"சுத்துவழியா கார் வருதுப்பா. ஏறிக்கங்க."

"நீ போ."

"சரி, திரும்பிப் பாக்காம போங்க. பாக்கக் கூடாது."

"ஓகோ, அந்த சாஸ்திரம் மட்டும் தெரியுதோ!"

திரும்பி நின்று, புகையை வேண்டிய மட்டும் பார்த்தார். அப்புறம் நடந்தார். பாலத்தில் ஏறும்போது ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொண்டார், பக்கத்தில் இன்னொரு ஆள் நடக்க இடம் விட்டு.