பின்வாங்கிய வீடு

கொத்தனாருக்கு மகள் பிறந்த வாரத்தில் அவருடைய வீடு தெருவைவிட்டு ஓரடி பின்னால் போயிற்று. பார்க்க வந்த பெரியப்பா, "அடடா, இப்படிப் பொறந்துடுச்சே" என்று உச்சுக் கொட்டியபோதுதான் அது முதலில் நகர்ந்தது. எல்லோருடைய தம்ளரிலும் டீ தளும்பியது. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம், உடம்பில் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, அதற்கு யாருடைய தவறும் காரணமில்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். செங்கல் ஒன்று கூடியதற்காகச் சுவர் விழுந்துவிடாது என்று கொத்தனாரும் புரிந்துகொண்டார். உறவுக்காரர்களுக்குத்தான் புரியவில்லை. ஒவ்வொருவர் பரிதாபப்படும்போதும் வீடு பின்வாங்கியது. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே புல் முளைத்தது, அப்புறம் புதரும் மண்டியது. வருகிறவர்கள் குறைந்தார்கள். கடைசியில் பால்காரர்கூடத் தெருவிலிருந்தே குரல் கொடுத்துவிட்டுப் போனார்.

"இப்படியே போனா நமக்கப்புறம் இவளுக்கு யாருங்க இருப்பா?" என்றாள் மனைவி.

கொத்தனாருக்குத் தெரிந்ததெல்லாம் சுவர். பின்சுவரைக் கனப்படுத்தினால் வீடு நின்றுவிடும் என்று கணக்குப் போட்டு, சமையலறைக்குள் நின்று பழைய பூச்சைக் கொத்தினார். தெருவையே பார்த்துப் பார்த்து ஏங்கியவர், வீடு எதன்மேல் போய் நிற்கிறது என்று ஒருநாளும் சுற்றிப் பார்த்ததில்லை. இரண்டு செங்கல் அந்தப் பக்கம் விழுந்தன.

"யாருய்யா அது, எங்க அடுப்படிய ஒடைக்கிறது?"

அடுத்த தெருத் தையற்காரம்மாவின் வீடு அது. அதுவும் இருபது வருடமாக ஊர்ந்து வந்து இங்கே முதுகு முட்டி நின்றிருந்தது. அவர் மகனுக்கும் டவுன் சிண்ட்ரோம். பேக்கரியில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. முதலாளியையே அதட்டுவதால் ஊருக்கு அவன் மேனேஜர். ஓட்டையில் தலையை நீட்டி, கொத்தனாரை மேலும் கீழும் பார்த்தான்.

"சுத்தி பிடிக்கத் தெரியல. யாரு உன்ன வேலைக்கு வெச்சது?"

மகள் பிறந்தபிறகு கொத்தனாரின் மனைவி வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஓட்டையை அடைக்கக் கலவை குழைத்தார் கொத்தனார். "அடைக்காதீங்கண்ணே, பெருசா ஒடச்சு ஒரு கதவு வைங்க" என்றார் தையற்காரம்மா. கதவு வந்தது. அதன்வழியே அவர் குரலும் வந்துகொண்டே இருந்தது. "இதயத்துக்கு ஸ்கேன் எடுத்தாச்சா? காது பாத்தீங்களா? தைராய்டு வருஷம் தவறாம பாக்கணும். நாக்க நீட்டுறாளேன்னு திட்டாதம்மா, ஊதுறதுக்கு ஒரு பீப்பி வாங்கிக் குடு." மகள் தாமதமாகத்தான் நடந்தாள், நடந்ததும் நேரே மேனேஜரின் தட்டுக்குப் போய்க் கைவைத்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தையற்காரம்மாதான் முன்னால் நின்று பேசினார். சண்டையும் போட்டார்.

வருடங்கள் ஓடின. தையற்காரம்மா ஒருநாள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். மேனேஜர் எங்கேயும் போகவேண்டி வரவில்லை. மறுநாள் காலை தன் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணீர் வழிய, டீயில் சர்க்கரை பத்தவில்லை என்று அதட்டினான். "கத்தாதண்ணே, போடுறேன்" என்று மகள் எழுந்துபோய்ப் போட்டுக் கொண்டுவந்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். கொத்தனாரின் மனைவி அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

போன மாதம் படுக்கையறைச் சுவருக்கு வெளியே கரகரவென்று சத்தம் கேட்டது. ஏதோ ஒரு வீடு பக்கவாட்டில் நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கைக்குழந்தை ஒன்று அழுதது.

"கட்டில நகத்துங்க, ஆளுங்க வர்றாங்க" என்றான் மேனேஜர். நகர்த்தினார்கள்.