ஃபேன் ஒண்ணு, டியூப்லைட் ரெண்டு, மான் நாப்பத்திமூணு

"நாப்பத்திமூணுன்னு எப்படி எழுதிக் குடுத்திய? அந்தக் கிழிஞ்ச காதுக்காரி நம்ம அடுப்படியில வந்து கஞ்சி குடிக்கிறவ. அவளைக் கழிச்சுட்டு நாப்பத்திரெண்டுன்னுல்லா எழுதியிருக்கணும்."

"ஏட்டி, மேல உள்ளது எல்லாம் மேல உள்ளதுதான். கீழ வந்து கஞ்சி குடிச்சா ரேஷன் கார்டுல பேரு சேத்துருவாங்களோ?"

2024 மார்ச்ல தாராவியில எங்க சந்துல கேட்ட சண்டை இது. சந்து மூணடி அகலம், அதனால யார் வீட்டுச் சண்டையா இருந்தாலும் எல்லாரும் கேட்டுத்தான் ஆகணும். பேசுனது ஆறுமுகத்தாயும் அவ வீட்டுக்காரர் நம்பிராஜனும். நம்பிராஜன் தோல் பை தைக்கிறவரு. அவங்க இருக்கிற ஒத்தை ரூம் வீட்டுக்கு, அதான் கோலிக்கு, மேல ஒரு போட்மாலா இருக்கு, இரும்பு ஏணி வச்சு ஏறுற மாடி, பத்துக்குப் பன்னெண்டு. அதுல நாப்பத்திமூணு புள்ளிமான் இருந்துச்சு.

எப்ப வந்துச்சுன்னு கேட்டா லாக்டவுன்லன்னுதான் சொல்லணும். மேல தங்கி ஜரி வேலை பாத்த பசங்க ஊருக்கு ரயில் ஏறிப் போனதும் ஏழு மாசம் மாடி பூட்டியே கெடந்துச்சு. தீபாவளிக்கு வெள்ளையடிக்கத் தொறந்தப்ப முழங்கால் உயரத்துக்குப் புல்லு. எதிர்ச் சுவரைக் காணோம். வெளிய இருந்து பாத்தா அதே தகரம், அதே நீலத் தார்ப்பாய். உள்ள ஏறுனா கண்ணுக்கு எட்டுன மட்டும் மேடும் பள்ளமும், தூரத்துல ஒரு ஓடை. ஃபேனும் ரெண்டு டியூப்லைட்டும் இருந்த எடத்துலயே தொங்குச்சு, எதுல தொங்குச்சுன்னு யாரும் பாக்கல. பக்கத்து கோலி பரீஹா வந்து, குளம்புச் சத்தத்துல தையல் மெஷின் ஊசி தடுமாறுதுன்னு சொன்னா. நம்பிராஜன் ஏணி வாய்ல ரப்பர் ஷீட் போட்டாரு. அந்தப் பிரச்சினை அதோட முடிஞ்சுது.

முடியாத பிரச்சினை, மாடிக்கு ஆள் கிடைக்காததுதான். ஐரோலியில கம்ப்யூட்டர் வேலைக்குப் போற நாலு பேர் வந்தாங்க. ரெண்டு வாரத்துல அவங்க ஆபீஸ் அடையாள அட்டை நாடா அத்தனையும் மான் தின்னுடுச்சு, காலி பண்ணிட்டாங்க. அப்புறம் மூணு வருஷம் யாரும் வரல. அப்பத்தான் மாட்டுங்காவுல இருந்து வெங்கடேஸ்வரன் வந்தாரு. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல முப்பத்தாறு வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவரு. பாலக்காட்டுக் குடும்பம், கேக்குல முட்டை இருக்கான்னு கேட்டுட்டுத்தான் வாயில வைப்பாரு. ரிட்டையர் ஆன நாள்ல இருந்து உட்கார முடியல. காலையில தாதர் வரைக்கும் நடந்துட்டு வருவாரு, மறுபடியும் போவாரு. ஜன்னலைத் தொறப்பாரு, மூடுவாரு. கறி வேண்டாம், தோல் வேண்டாம், மாடியை வேட்டைக்கு மட்டும் குடுங்கன்னு கேட்டாரு. எதுக்குன்னு நம்பிராஜன் கேட்டதுக்கு அவர் சொன்னது இது: "முப்பத்தாறு வருஷம் காலம்பற எட்டு பன்னெண்டு லோக்கல் ரயிலைத் துரத்தினேன் சார். இப்போ துரத்தறதுக்கு ஒண்ணுமில்லை. கால் கேக்க மாட்டேங்கறது."

அக்ரிமென்ட் போட்டது செம்பூர் புரோக்கர் ஜம்பு. மும்பையில வீடு, கடை, கோடவுன் எதுவானாலும் பதினோரு மாச அக்ரிமென்ட்தான். ஜம்பு கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு அக்ரிமென்ட் இருக்கு, பேரை மட்டும் மாத்துவாரு. மான் சுடுறது சட்டப்படி குத்தம்தானேன்னு நம்பிராஜன் கேட்டாரு. சட்டத்துல காடுன்னு இருக்கு, போட்மாலான்னு இல்லைன்னு ஜம்பு சொல்லி, உபயோகம்ங்கிற எடத்துல உடற்பயிற்சின்னு அடிச்சாரு. சாமான் லிஸ்ட்ல ஃபேன் ஒண்ணு, டியூப்லைட் ரெண்டு, குழாய் ஒண்ணு, மான் நாப்பத்திமூணு. கடைசிப் பக்கத்துல எப்பவும் இருக்கிற வரி அப்படியே இருந்துச்சு: லிஸ்ட்ல உள்ளது எல்லாத்தையும் எண்ணிக்கை குறையாம திருப்பிக் குடுக்கணும், குறைஞ்சா எடுத்தவரே ஈடு கட்டணும். சுடுறதுக்குக் குடுத்ததைக் குறையாம எப்படித் திருப்ப முடியும்னு ஒருத்தரும் யோசிக்கல. இங்க யாரு அக்ரிமென்ட் படிக்கிறா? பேரு சரியா இருக்கா, மாசம் சரியா இருக்கான்னு பாத்துட்டுப் பெருவிரலை வச்சாங்க.

அதுக்கப்புறம்தான் நான் மேல எழுதுன சண்டை. ஆறுமுகத்தாய்க்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்தக் கிழிஞ்ச காது மான் தெனமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஏணியில ஒவ்வொரு படியா எறங்கி வந்து, கஞ்சி குடிச்சுட்டு, அவ முழங்கையில மூஞ்சியத் தேச்சுட்டுப் போகும். மத்த நாப்பத்திரெண்டும் எப்படியோ போகட்டும், இவ பொழைக்கணும், அவ்வளவுதான் அவ கேட்டது. சண்டையில தோத்ததும் வெங்கடேஸ்வரன்கிட்டயே போய்க் கேட்டா. அவரு நல்ல மனுஷன். அடையாளத்துக்குக் கழுத்துல ஏதாவது கட்டிடுங்கோ, கட்டினதை நான் தொட மாட்டேன்னு வாக்குக் குடுத்தாரு. நம்பிராஜன் சிவப்புத் தோல்ல ஒரு பட்டை தைச்சு, பித்தளை பக்கிள் வச்சு மான் கழுத்துல மாட்டுனாரு. இதோட சண்டையை விட்ருன்னாரு. அவளும் விட்டா.

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வெங்கடேஸ்வரன் வருவாரு. மாமனார் வழியில வந்த பழைய ரெட்டைக் குழல் துப்பாக்கி, அதை அவர் சம்சாரம் வாலாம்பாளோட தம்புரா உறையில போட்டுத் தோள்ல மாட்டிட்டு வருவாரு. சந்துல எல்லாரும் வழி விடுவாங்க, மேல கச்சேரின்னு கிண்டல் பண்ணுவாங்க. சாயங்காலம் எறங்கும்போது பேன்ட் முழுக்கப் புல்லு விதை. பத்து மாசத்துல ஒரு மானும் விழல. சுடவே இல்லையோன்னு எங்களுக்குச் சந்தேகம். ஓடுனாரு, அவ்வளவுதான். ஆனா ஓட ஓட அடங்கும்னு பாத்தா அடங்கல. ஞாயிறு போதாம புதனும் வந்தாரு, அப்புறம் தெனமும் வந்தாரு. மானுங்களும் நிலையா நிக்கிறத விட்டுடுச்சு. கீழ நம்பிராஜனுக்குத் தையல் கோணுச்சு, பரீஹா ஒரு நாளைக்கு எட்டுத் தடவை டீ போட்டா, எங்க சந்துல அந்த வருஷம் யாரும் ஒரு எடத்துல பத்து நிமிஷம் உட்கார்ந்து நான் பாக்கல.

2025 ஜனவரியில நம்பிராஜனுக்கு ஒரு ஆர்டர் வந்துச்சு, நூறு பை. தொண்ணூத்தொம்பது முடிஞ்சுது, கடைசிப் பைக்குப் பக்கிள் ஒண்ணு குறைஞ்சுது. எடுத்துட்டுப் போற ஆள் வாசல்ல நிக்கிறான். மேல ஏறி, மான் கழுத்துல இருந்த பக்கிளைக் கழட்டிட்டு வந்து தைச்சுக் குடுத்துட்டாரு. பக்கிள் இல்லாம பட்டை நிக்காதுல்ல, அதை ஏணிக் கம்பியில தொங்க விட்டாரு. மறுநாள் புதுசு வாங்கி மாட்டிடலாம்னு நெனச்சாரு. அன்னைக்கு மத்தியானம்தான் வெங்கடேஸ்வரன் பதினோரு மாசத்துல மொதத் தடவையா ஒரே ஒரு தடவை சுட்டாரு.

நாலு மணிக்கு ஆறுமுகத்தாய் கஞ்சி ஊத்தி வச்சா. ஆறிடுச்சு. ஏணிக் கம்பியில பட்டை தொங்குறதப் பாத்தா, பக்கிள் இல்லாததப் பாத்தா, புருஷனப் பாத்தா. சண்டை போடல. எங்களுக்கு அதுதான் பயமா இருந்துச்சு.

மாசக் கடைசியில சாவி ஒப்படைக்கிற அன்னைக்கு அவளே லிஸ்ட்டோட மேல ஏறுனா. கூட ஜம்பு. ஃபேன் ஒண்ணு, சரி. டியூப்லைட் ரெண்டு, சரி. குழாய், சரி. மான் நாப்பத்திரெண்டு. டெபாசிட்டை நீங்களே வச்சுக்கோங்கோன்னு வெங்கடேஸ்வரன் சொன்னாரு. அவ வேண்டாம்னுட்டா. மிருகக்காட்சிசாலையில கேட்டு வாங்கித் தரட்டுமான்னாரு. அதுக்கும் வேண்டாம்னா. கடைசி வரியப் படிண்ணேன்னு ஜம்புகிட்ட சொன்னா, அவரு படிச்சாரு. குறைஞ்சா எடுத்தவரே ஈடு கட்டணும். ஜம்புவே அந்த வரியை அன்னைக்குத்தான் மொதல்ல படிச்சாராம்.

எல்லாரும் கீழ எறங்குனதும் வெங்கடேஸ்வரன் வாயைத் தொறந்தாரு. "பட்டை இல்லைன்னு பாத்தேன். காதைப் பாக்கலை. வேகத்துல பாக்கலை," அப்படின்னாரு. அப்புறம் செருப்பை ஏணிக்குக் கீழ கழட்டி விட்டுட்டு, கண்ணாடியத் தம்புரா உறைக்குள்ள போட்டு நம்பிராஜன் கையில குடுத்துட்டு மேல ஏறுனாரு. அரை மணி நேரம் கழிச்சு ஜம்பு மறுபடி எண்ணுனாரு. நாப்பத்திமூணு. புதுசா நின்னது கொம்பு வச்ச கடா, எடது தோள்ல இருந்து வலது இடுப்பு வரைக்கும் மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு. எண்ணிக்கை சரின்னு ஜம்பு எழுதி, எல்லாருகிட்டயும் கையெழுத்து வாங்குனாரு.

அந்தக் கடா காலையில எட்டு பன்னெண்டுக்கு ஏணி வாய்க்கு வந்து, ஒரு காலை முன்னால வச்சு, வண்டி வாசல்ல நிக்கிற மாதிரி சாய்ஞ்சு நிக்கும். பதினஞ்சு நிமிஷம் நின்னுட்டுப் போய்ப் புல்லு மேயும். வாலாம்பாள் மாமி வியாழக்கிழமை தோறும் மாட்டுங்கா மார்க்கெட்ல முள்ளங்கி இலையும் வாழைப்பூ மடலும் வாங்கிட்டு டாக்ஸியில வருவாங்க. மொத வாரம் அழுதாங்க. ரெண்டாவது வாரம் ஏணிக்குக் கீழ நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஆத்துல இப்படி ஒரு எடத்துல நின்னு நான் பாத்ததே இல்லை"ன்னாங்க. அதுக்கப்புறம் அழல.

ஆறுமுகத்தாய் கஞ்சி வைக்கல. பதினெட்டு நாள் அந்தக் கடா நாலு மணிக்கு எறங்கி வந்து நின்னுட்டு, வெறும் வாயோட ஏறிப் போச்சு. பத்தொம்பதாவது நாள் அவ கொஞ்ச நேரம் பாத்தா. சட்டியை எடுத்து முன்னால தள்ளுனா. மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, "குடிச்சிட்டுப் போங்க"ன்னு சொன்னா. மானுக்கு அவ மரியாதை குடுத்துப் பேசி அன்னைக்குத்தான் கேட்டோம்.

இப்ப தாராவியை இடிச்சுப் புதுசாக் கட்டப் போறாங்கன்னு சந்துல சர்வே வருது. மாடியில யாரு இருக்கா, எவ்வளவு நாளா, எல்லாம் எழுதணும். ஃபாரம் ரொப்புறது நான்தான், தமிழும் மராத்தியும் எழுதத் தெரிஞ்ச ஆளு இங்க கொஞ்சம். வெங்கடேஸ்வரனை ஆளுன்னு எழுதுனா அவருக்கும் நாளைக்கு ஒரு எடம் குடுப்பாங்க, ஆனா பதினோரு மாசம் எப்பவோ முடிஞ்சுது, அக்ரிமென்ட் எங்கன்னு கேப்பாங்க. மான்னு எழுதுனா மாடியை இடிக்கும்போது நாப்பத்திமூணும் எங்க போகும்னு தெரியல. நம்பிராஜன் மான்னு எழுதச் சொல்றாரு. ஆறுமுகத்தாய்தான் ஆளுன்னு எழுதுங்கன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. ஒங்க ஏரியாவுல இந்த மாதிரி யாராச்சும் மாடியில இருந்தா நீங்க எந்தக் கட்டத்துல எழுதுனீங்க? தெரிஞ்சவங்க கீழ பதில் போடுங்க. புதன்கிழமைக்குள்ள வேணும்.