கரையடி வயலின் சம்பங்கோரை

எங்கள் பேரையூரிலிருந்து ரங்கூனுக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்துவிட்டார்கள். முப்பது மைல் தள்ளிச் சமயநல்லூர்ப் பக்கம் பெண் எடுத்த நான்தான் இன்னும் ஊர் திரும்பவில்லை. என்னைப் பிடித்து வைத்திருப்பது சம்பங்கோரை என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், தோண்டிப் பார்த்தால் தெரியும்.

என் மாமனார் உக்கிரபாண்டிக்கு ஆண் வாரிசு கிடையாது. மாமியாரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். சொத்தென்று கண்மாய்க் கரைக்குக் கீழே ஒரே ஒரு வயல். கரைக் கசிவில் கோரை புகுந்து, அது நெல் கண்டு வெகுகாலமாகிவிட்டது. கல்யாணத்தன்று பந்தலில் எல்லார் முன்னாலும் அவர் சொன்னார்: “மாப்ள, அந்தக் கோரையை அழிச்சுக் குடுங்க. வயலை வாரத்துக்கு விட்டுட்டு, வர்ற பங்கு நெல்லுல நான் கஞ்சி குடிச்சுக்கிருவேன். அதுக்கப்பறம் எம்மகளைக் கூட்டிக்கிட்டு உங்க ஊருக்குப் போங்க.”

கோரைதானே, ஒரு கோடையில் முடியும் என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையை என்ன செய்தால் தகும்!

அறுத்தால் தழைக்கிறது. தீ வைத்தால் கொழுக்கிறது. மண்ணுக்குள் விரல் தடிமனில் வெள்ளை வேர் ஓடுகிறது. ஒரு துண்டு தங்கினாலும் அடுத்த மழைக்கு ஆளுயரம் நிற்கும். ஊரில் என் ஆத்தா மாயக்காள் கண் மங்கி, தடவித் தடவி உலை வைக்கிறாளாம். இங்கே வா என்றால், “சம்மந்தி வீட்டுச் சோறு திங்கவா?” என்கிறாள். மாமனாரோ மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய் உட்காருகிறவரில்லை. நடுவில் நான், மண்வெட்டியோடு, சேற்றில்.

இந்தக் கோடையில் வெறி பிடித்தவனாய் இறங்கினேன். மண்ணைக் கையால் பிசைந்து வேரைப் பொறுக்கி, வெயிலில் காயப்போட்டுக் கொளுத்தினேன். என் மனைவி அன்னக்கொடியும் கூடவே நின்று பொறுக்கினாள். ஐப்பசி மழை பெய்து வயலில் தண்ணீர் நின்றது. ஒரு முளைகூட இல்லை. “செயிச்சுட்டீங்க மாப்ள” என்று மாமனாரே கண் கலங்கினார். நான் வண்டி பேசிவிட்டேன்.

புறப்பட இருந்ததற்கு முதல் நாள் காலை, மேற்கு மூலையில் பச்சை தெரிந்தது. கோரைதான். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். முளைகள் சாண் இடைவெளியில் வரிசையாக நின்றன. தானாக முளைக்கிற கோரை வரிசை பார்க்குமா? இது நாற்று நடுகிற கை நட்டது. மாமனார் மேல்தான் முதலில் கோபம் வந்தது. ஆனால் எங்கள் பக்கம் ஆம்பளைகள் நடவுக்குக் குனிவதில்லை. அவர் நட்டிருந்தால் கோணல்மாணலாக இருந்திருக்கும். அந்த வீட்டில் நடவு தெரிந்த கை ஒன்றுதான்.

கஞ்சிக் கலயத்தோடு அன்னக்கொடி வரப்பில் வந்து நின்றாள்.

“நீதானா?”

“ஆமா.” கலயத்தை இறக்கி வைத்தாள். “அப்பா துண்டுல ரத்தமாத் துப்புறாரு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. பந்தல்ல குடுத்த வாக்கு, வயல் சுத்தமானா நான் வந்துதான் ஆகணும். அதான் நட்டேன்.”

“எங்க ஆத்தாளுக்கு யாரு இருக்கா?”

அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவளை அறையவும் தோன்றியது. அத்தனை முளையையும் ஒரு நொடியில் பிடுங்கிவிடலாம். குனிந்துகூட விட்டேன்.

அப்போது கரைமேல் இருமல் கேட்டது. மாமனார் கம்பை ஊன்றி இறங்கி வந்துகொண்டிருந்தார். “என்ன மாப்ள, கிளம்புற நேரத்துல வயல்ல?”

உலை மேல் தடவுகிற ஆத்தாளின் கை கண் முன்னே வந்தது. ஆனாலும் அவர் கிட்ட வருவதற்குள், வரிசை தெரியாதபடி முளைகளைக் காலால் கலைத்துவிட்டேன்.

“திரும்ப மொளைச்சிருச்சு மாமா” என்றேன். “வண்டி வேண்டாம்னு சொல்லிட்டு வாரேன்.”