பிரிட்ஜின் பின்தட்டு

மஞ்சள் அட்டை வீட்டுக்குள்ளே, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்க வேண்டும். தொட்டி, வாளி, பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்து, கொசுப்புழு இல்லை என்று தெரிந்த பிறகுதான் கொசு ஒழிப்பு வேலைக்கு வரும் நாங்கள் அதில் தேதி போட்டுக் கையெழுத்திடலாம். வாசலோடு திரும்பிவிடக் கூடாது என்றுதான் அட்டையை உள்ளே மாட்டச் சொன்னார்கள்.

அக்கா வீட்டு அட்டை மட்டும் வாசலுக்கு வந்தது.

கொண்டுவருவது அக்கா மகள். ஏழு வயது. வாய் ஓயாததால் எங்களுக்கு அவள் அரட்டை. புதன்கிழமை காலையில் என் சைக்கிள் மணி கேட்டதும், ஒரு பக்கம் பின்னிய தலையோடு கேட்டுக்கு ஓடி வருவாள்.

"சித்தி, கேள்வி கேளு!"

"தொட்டி மூடியிருக்கா?"

"மூடியிருக்கு. நானே ஏறிப் பாத்தேன்."

"ஏறினியா? காலை உடைச்சுக்காதடி."

"பூந்தொட்டித் தட்டு காஞ்சு கெடக்கு. பழைய டயர் இல்ல. கொட்டாங்குச்சி இல்ல. கொசு என்னைத் தவிர யாரும் இல்ல."

நான் சிரித்துக்கொண்டே எல்லாக் கட்டத்திலும் டிக் அடிப்பேன். கையெழுத்துப் போட்டதும் அட்டையைப் பிடுங்கிக்கொள்வாள். "நான்தானே பாத்தேன், நானும் போடுவேன்." என் பெயருக்குக் கீழே, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை எழுதுவாள்.

ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்டதே இல்லை.

அந்த பிரிட்ஜ் அம்மாவுடையது. படுக்கையில் கிடந்த அம்மாவை நான்கு வருடம் பார்த்துக்கொண்டது நான். அம்மா போன பத்தாம் நாள், நான் இல்லாத நேரத்தில், அக்கா ஆளை வைத்து அதைத் தூக்கிக்கொண்டு போனாள். "உனக்கு ஒருத்திக்கு எதுக்குடி பிரிட்ஜ்?" என்று கேட்டாள். ஒருத்தி என்றாளே, அதுதான் உள்ளே போய்த் தைத்தது. இனி உன் வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தத் தெரு என் பங்குக்கு வந்தபோது மாற்றிக் கேட்டிருக்கலாம். குழந்தையைப் பார்க்கலாமே என்று கேட்காமல் இருந்தேன். அது பாதி உண்மை. நான் படியேறாமல் திரும்பிப் போவதை அக்கா வாராவாரம் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும் என்பது மீதிப் பாதி. பின்தட்டுக் கட்டம் வரும்போது, குழந்தையால் பிரிட்ஜை நகர்த்தவா முடியும், எதற்குக் கேட்பானேன் என்று டிக் அடித்துவிடுவேன். உண்மையில் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

ஏழு புதன்கிழமைகள்.

எட்டாவது புதன்கிழமை யாரும் ஓடி வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்தான், "டெங்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில இருக்கா" என்றாள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. அக்கா நர்ஸைப் பார்த்துச் சிரித்தாளாம். இந்தக் காய்ச்சல் விடும்போதுதான் பயப்பட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற எனக்கு அது நினைவில் இருந்தது. மறுநாள் விடிவதற்குள் குழந்தையின் கைகால் சில்லிட்டுப்போனது. மதியத்தோடு முடிந்தது.

சாவு நடந்த வீட்டைச் சோதிக்க வேண்டும். மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் வந்தார். தெரு என்னுடையது, நானும் போனேன். அப்படித்தான் அந்தப் படியை மிதித்தேன்.

அவர் தொட்டியைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். பிறகு பிரிட்ஜை இழுத்தார். கதவில் அம்மா கைவைத்து வைத்து மங்கிப்போன இடம் அப்படியே இருந்தது. பின்னால், பனி உருகிச் சொட்டும் தட்டில் இரண்டு விரல்கடை தண்ணீர். டார்ச் வெளிச்சம் பட்டதும் புழுக்கள் துள்ளிக்கொண்டு அடியில் இறங்கின.

அவர் வாசல் கதவுக்குப் பின்னால் போய் அட்டையைப் பார்த்தார்.

"ஏம்மா, ஏழு வாரமா டிக் போட்டிருக்கியே. இதைப் பாத்தியா?"

"பாத்தா சார்," என்றாள் அக்கா. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்க்கவில்லை. "வாராவாரம் உள்ள வந்து பாத்துட்டுதான் போவா."

என் மேல் இரக்கமா, அல்லது அட்டையை வாசலுக்கு அனுப்பியது யார் என்ற பேச்சு எழுமே என்ற பயமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆம் என்று தலையாட்டியிருந்தால் வேலை மிஞ்சியிருக்கும். ஆனால் குழந்தையின் பெயர் என் பெயருக்குக் கீழேயே இருந்தது. அவள் பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.

"பாக்கல சார். நான் உள்ளயே வரல."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் அட்டையைக் கழற்றப் போனார். அக்கா எழுந்து ஓடி வந்து இரண்டு கையாலும் அதைச் சுவரோடு அழுத்திக்கொண்டாள். "இதை எடுக்காதீங்க. அவ எழுதினது இதுல இருக்கு." அவர் கையை எடுத்துக்கொண்டார். என் வாக்குமூலத்தைத் தனித்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த புதன்கிழமை காலையில் கால்கள் தாமாக அங்கே போயின. மணி அடிக்கவில்லை. கதவு திறந்தேயிருந்தது. நான் பிரிட்ஜை இழுத்து, தட்டை உருவி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்துச் செருகினேன். அக்கா பின்னாலேயே நின்றாள். எழுந்தபோது கேட்டாள்:

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

"திரும்பப் பாரு."

நான் மறுபடியும் மண்டியிட்டு டார்ச் அடித்தேன்.