திங்கட்கிழமைக்கு யார்?

எனக்குக் கோபம் வந்தால் பேனா தாளைக் கிழித்துவிடும். அன்று கணினித் தேர்வு அறையில் கிறுக்கிப் பார்க்கக் கொடுத்த தாளில் மூன்று கிழிந்தது.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு. மூன்றாவது முறை எழுதுகிறேன். அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். எண்பது மதிப்பெண் வாங்கினால் உள்ளே. இல்லையென்றால் ஆயுசுக்கும் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸுகளுக்கு டியூட்டி போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதில் நான் புலி என்பது வேறு விஷயம்.

இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்தது புதிர்ப் பகுதி. என்னோடு சேர்ந்து எழுதும் என் தம்பி, "கட்டம் போடுக்கா, உறுதியாத் தெரியறத முதல்ல நிரப்பு" என்று தலைபாடாய் அடித்துக்கொள்வான். நிரப்புவேன். தப்பாகும். அதற்குள் நேரம் போய்விடும்.

கடைசிப் புதிர் வந்தபோது ஏழு நிமிடம் இருந்தது. ஐந்து வழக்குகள், திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு ஒன்று. நில வழக்குக்குப் பிறகுதான் திருட்டு வழக்கு. அதற்கும் பிறகுதான் விபத்து வழக்கு. வாடகை வழக்குக்குத் திங்களும் ஆகாது, வெள்ளியும் ஆகாது. அதற்கு மறுநாளே விவாகரத்து வழக்கு. எந்த வழக்கின் நாளை உறுதியாகச் சொல்லலாம்?

நிரப்பினேன். அடித்தேன். வேறு விதமாகவும் பொருந்தித் தொலைத்தது. இதென்ன, ஆளாளுக்கு நிபந்தனை போடுகிறார்கள், என் வார்டு மாதிரியே!

அவ்வளவுதான், மண்டையில் பளிச்சென்றது. யார் வருகிறீர்கள் என்று வார்டில் நான் கேட்டதே இல்லை. கேட்டால் ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டாள். யாரால் வர முடியாதோ அவர்களுக்குத்தான் முதலில் பெருக்கல் குறி போடுவேன்.

சரி, திங்கட்கிழமைக்கு யார்? திருட்டும் விபத்தும் பின்னால் வருபவை, பெருக்கல். வாடகை மாட்டேன் என்றுவிட்டது, பெருக்கல். விவாகரத்து வாடகையின் வாலைப் பிடித்துக்கொண்டு வருவது, அதற்கும் பெருக்கல். மிச்சம் நிலம். வேறு ஆளே இல்லை தாயே, நீதான் வந்தாக வேண்டும்! அங்கேயே எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. கணினியில் விடையைத் தட்டிய கையோடு மணி அடித்துவிட்டது.

வாசலில் தம்பி பிடித்துக்கொண்டான். "கடைசிக் கேள்விக்கு என்ன போட்ட?"

"நில வழக்கு."

"போச்சு! எதையுமே உறுதியாச் சொல்ல முடியாதுக்கா. நான் ரெண்டு விதமா போட்டேன், ரெண்டும் வருது."

"அந்த ரெண்டுலயும் திங்கக்கிழமை யாருடா?"

அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தான். "அடச்சே! ரெண்டுலயும் நிலம்தான்."

அரை மணி நேரத்தில் மதிப்பெண் போனுக்கே வந்தது. அவனுக்கு எண்பத்தெட்டு. என்னுடையதைப் பார்க்கப் பயந்து போனை அவனிடமே கொடுத்தேன்.

"எண்பத்தொண்ணு!" என்று அவன் கத்தியதில் சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நொடி அவனே குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அந்தக் கேள்விக்கு ரெண்டு மார்க்."