சுருளிக்குப் பின்னிய காலுறை

கிருபாவதிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடங்கள் கழித்துத்தான் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. போடி கடைவீதியில் அவளுடைய வீட்டுக்காரர் சுந்தர்ராஜ் பட்டன், ரிப்பன், உல்லன் நூல் விற்கிற சிறிய கடை வைத்திருந்தார். தாய் இல்லாதவள் என்பதால் பிரசவத்துக்குக் கம்பத்திலிருந்த அக்கா வீட்டுக்குப் போவதென்று முடிவானது. எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தை பிறந்த கையோடு ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல் இருவரும் பஸ் ஏறினார்கள்.

உத்தமபாளையம் தாண்டி, அனுமந்தன்பட்டிக்குச் சற்று முன்னால் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி என்னென்னவோ செய்து பார்த்தார், கிளம்பவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு கடுக்கிறதே என்று கிருபாவதி கீழே இறங்கி நின்றாள். நின்ற இடத்திலேயே பனிக்குடம் உடைந்தது.

ரோட்டை ஒட்டி ஒரு திராட்சைத் தோட்டம். பந்தலுக்கு அடியில் கொடிகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, ரோட்டில் கூட்டம் கூடுவதைப் பார்த்து ஓடிவந்தாள். அவள்தான் முத்துப்பேச்சி. இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வந்தவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கிருபாவதியின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து, தோட்டத்து மோட்டார் ரூமுக்கு நடத்திக்கொண்டு போனாள். மாமியார் அக்கம்மாளைக் கூப்பிட்டு வெந்நீர் வைக்கச் சொன்னாள். அவள் புருஷன் ராக்கையா சுந்தர்ராஜைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கார் பிடித்துவர உத்தமபாளையம் போனான்.

அவர்கள் திரும்புவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. ஒரு கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தது. அழவில்லை. அக்கம்மாள் உதட்டைப் பிதுக்கியதைக் கிருபாவதி பார்த்தாள். முத்துப்பேச்சி பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். பூனைக்குட்டி முனகுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. உடனே பிள்ளையைத் துடைத்து, ரவிக்கைக்குள் நெஞ்சோடு வைத்து, மேலே சேலையைச் சுற்றிக்கொண்டாள்.

கார் வந்தபோதும் பிள்ளையை அவள் வெளியே எடுக்கவில்லை. “இப்ப எடுத்தா குளிரு தாங்காது. நானும் வாரேன்” என்று அப்படியே காரில் ஏறிவிட்டாள். அவளுக்கும் நாலு மாதத்தில் ஒரு மகன் இருந்தான், சுருளி என்று பேர். அவனை அக்கம்மாள் பின்னாலேயே தூக்கிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் கிருபாவதிக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது, பால் ஊறவில்லை. அந்த நாட்களில் முத்துப்பேச்சி தன் பாலைச் சங்கில் பீய்ச்சித் துளித்துளியாகப் புகட்டினாள். பிள்ளை சப்புகிற தெம்புக்கு வந்ததும் ஒரு பக்கம் சுருளியும் ஒரு பக்கம் இவளுமாகக் குடித்தார்கள். கிருபாவதி எழுந்து உட்கார்ந்து, தானே பால் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அவள் தோட்டத்துக்குத் திரும்பினாள்.

பிள்ளைக்குச் சொர்ணலதா என்று பேர் வைத்தார்கள். ஞானஸ்நானத்தன்று கோயிலில் சாட்சி சொல்ல எழுந்த கிருபாவதி, முத்துப்பேச்சி என்ற பேரைச் சொன்னதும் அழுதபடி உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒருமுறை புருஷனும் பெண்டாட்டியும் பட்டுச்சேலையும் பழங்களுமாக அனுமந்தன்பட்டிக்குப் போனார்கள். முத்துப்பேச்சி வேண்டாமென்று பிகு செய்யவில்லை. “நல்ல கலருக்கா” என்று சேலையைப் பிரித்து அப்போதே தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தார் சுற்றி நின்றார்கள். சொல்ல நினைத்துக்கொண்டு போன எதையும் கிருபாவதியால் சொல்ல முடியவில்லை. திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு அதே குறையாக இருந்தது.

டிசம்பர் வந்தது. சவுக்குக் கொப்பு ஒன்றை மணல் போட்ட தகரத்தில் நட்டு, கிறிஸ்துமஸ் மரம் என்று சுந்தர்ராஜ் வீட்டில் நிறுத்தினார். கிருபாவதி போர்டிங் பள்ளியில் படித்த காலத்தில், கிறிஸ்துமஸ் மரத்தில் சின்னச் சின்னக் காலுறைகளைத் தொங்கவிட்டு, அதற்குள் மிட்டாய் போட்டு வைப்பார்கள். குரோஷா ஊசிப் பின்னலும் அங்கேதான் கற்றாள். இத்தனை வருடமாக ரேடியோவுக்கு உறை, மேஜைக்கு விரிப்பு என்று பின்னிக்கொண்டிருந்தவள், மகளின் முதல் கிறிஸ்துமஸுக்கு ஒரு காலுறை பின்ன உட்கார்ந்தாள். சிவப்பு உல்லனில் உடம்பு, வெள்ளையில் விளிம்பு, கொப்பில் மாட்ட ஒரு வளையம். உள்ளங்கை நீளம்தான். குதிகால் திரும்புகிற இடம் மட்டும் கொஞ்சம் கை பழக வேண்டியிருந்தது, இரண்டு தரம் பிரித்துப் பின்னினாள்.

பின்னி முடித்து மரத்தில் மாட்டிப் பார்த்தபோது, ஒரே பாலைக் குடித்தவன் இன்னொருத்தன் இருக்கிறானே என்று தோன்றியது. சுருளிக்கும் ஒன்று பின்னினாள். அதற்குள் ஆரஞ்சு மிட்டாயும் பேரீச்சம்பழமும் ஒரு கிலுகிலுப்பையும் போட்டாள். வளையம் கனம் தாங்குமோ என்று சந்தேகமாக இருந்ததால் மிச்ச நூல்கண்டையும் ஊசியையும் பைக்குள் போட்டுக்கொண்டு, மகளைத் தூக்கிக்கொண்டு காலை பஸ்ஸில் கிளம்பினாள். சுந்தர்ராஜால் பண்டிகை நேரத்தில் கடையை விட்டு வர முடியவில்லை.

முத்துப்பேச்சி வீட்டு வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு ஓடிவந்து முதலில் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். “எம்புட்டு கனம் கனக்குறா” என்று எடை பார்ப்பதுபோல் தூக்கித் தூக்கி இறக்கினாள். சுருளி தத்தக்கா பித்தக்கா என்று நடந்துவந்து தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டான்.

கிருபாவதி காலுறையை எடுத்துக் கொடுத்தாள். “எங்க பண்டிகைக்கு நானே பின்னுனேன். சுருளிக்கு.”

முத்துப்பேச்சி மிட்டாய்களை மடியில் கொட்டிக்கொண்டு காலுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சுருளியை உட்கார வைத்து அவன் வலது காலில் மாட்டினாள். அளவெடுத்துப் பின்னியதுபோல் பொருந்திவிட்டது. மாட்டுகிற வளையம் மட்டும் கணுக்காலுக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது. சுருளி காலைத் தூக்கித் தூக்கித் தரையில் தட்டினான். இது என்ன என்று பிடித்துப் பார்த்தான். சிரித்தான்.

அக்கம்மாள் எட்டிப் பார்த்தாள். “ஒத்தக் காலுக்குத்தான் இருக்கு. இன்னொன்னு எங்கன ஆத்தா?”

“சும்மா இருங்கத்தே” என்று முத்துப்பேச்சி தணிந்த குரலில் சொன்னாள். “கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படிப் பின்னுவாக? முடிஞ்சதைக் கொண்டாந்திருக்காக. ஒத்தைன்னாலும் எம்புட்டு அழகா இருக்கு.”

இது காலில் போடுகிறதில்லை, மரத்தில் தொங்கவிடுகிறது என்று சொல்ல கிருபாவதி வாயெடுத்தாள். சுருளி ஒரு காலில் சிவப்பும் ஒரு காலில் புழுதியுமாக வாசலில் நடந்து காட்டிக்கொண்டிருந்தான். அவள் பையைத் திறந்து நூல்கண்டை எடுத்தாள்.

“இன்னொன்னு இப்பப் பின்னித் தாரேன். கொஞ்ச நேரம் ஆகும், பரவாயில்லையா?”

“இருங்க, நல்லா இருங்க. சோறு தின்னுட்டுத்தான் போகணும்” என்று முத்துப்பேச்சி அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

அப்படித்தான் கிருபாவதி அன்று பகல் முழுக்க அங்கே தங்கும்படி ஆனது. வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பின்னினாள். சாப்பாட்டுக்குப் பிறகு அக்கம்மாள் தோட்டத்துக்குப் போய்விட்டாள். சொர்ணலதாவும் சுருளியும் ஒரே கிலுகிலுப்பைக்குச் சண்டை போட்டு, ஓய்ந்து, ஒரே சாக்கில் தூங்கிப்போனார்கள். முத்துப்பேச்சி கீழே உட்கார்ந்து மொச்சை உரித்தாள். முதல் தடவையாக இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள்.

“பேச்சி” என்றாள் கிருபாவதி. கண்ணை ஊசியிலிருந்து எடுக்கவில்லை. “அன்னைக்கு நீ இல்லேன்னா இவ இல்ல. இதை உங்கிட்டச் சொல்லணும்னு எத்தனையோ நாளா நினைக்கிறேன். வாய் வர மாட்டேங்குது. கோயில்ல சொல்லப் போய் அங்கயும் அழுதுட்டேன்.”

முத்துப்பேச்சி கையிலிருந்த மொச்சையை உரித்து முடித்தாள்.

“சுருளிக்கு முந்தி எனக்கு ஒரு பொம்பளைப்பிள்ளை பிறந்துச்சுக்கா. உங்களுக்குத் தெரியாது. அப்ப மலையில ஏலத்தோட்டத்துல வேலைக்கு இருந்தோம். இதே மார்கழிதான், மேல அப்பிடிக் குளிரு. மாசம் நிறையல, இவ மாதிரியே துளியூண்டு. கம்பளி இல்ல. கிடைச்ச துணியெல்லாம் சுத்தி அடுப்புப் பக்கத்துல போட்டோம். விடியுறதுக்குள்ள சில்லுனு போயிருச்சு.”

கிருபாவதியின் கை நின்றது.

“கீழ ஆசுபத்திரிக்கு எனக்குக் காட்டப் போனப்ப, ஒரு மலையாளத்து நர்சம்மா இருந்தாக. உன் நெஞ்சுச் சூடே போதும் மோளே, உள்ள வச்சுக்கிட்டிருந்தா பிழைச்சிருக்கும்னு சொன்னாக. நல்லதுக்குத்தான் சொன்னாக. ஆனா எனக்கு அது தெரியாமப் போச்சேன்னு ராவும் பகலும் அதே நினைப்பு. சுருளி பிறந்தான், கொழுகொழுன்னு பிறந்தான், அப்பவும் அந்த நினைப்பு போகல.” மொச்சையை முறத்தில் தள்ளினாள். “உங்க பிள்ளைய உள்ள வச்சுக்கிட்டுக் கார்ல வந்தோம்ல. உத்தமபாளையத்துக்கிட்ட வாரப்ப, இவ மூச்சு எம்மேல பட்டுச்சு. சூடா இருந்துச்சு. அப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியலக்கா. அன்னைக்கு ராத்திரிதான் நான் நல்லாத் தூங்குனேன். நீங்க எனக்கு நன்றி சொல்றீக. நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?”

கிருபாவதி கட்டிலிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழுதாள். முத்துப்பேச்சியும் அழுதாள், அழுதுகொண்டே உரித்தாள். கிருபாவதி மனசுக்குள் ஜெபம் செய்தாள். பேர் வைக்காமலே போன அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துச் செய்தாள். பிறகு இரண்டு பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

“ஒண்ணு சொல்லவா” என்றாள் கிருபாவதி, மறுபடியும் ஊசியை எடுத்தபடி. “இது காலுக்குப் போடுறதில்ல. எங்க வீட்டுல மரத்துல தொங்கவிடுவோம், உள்ள மிட்டாய் போட்டு. அதான் ஒத்தையாப் பின்னுனேன்.”

முத்துப்பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். பிள்ளைகள் எழுந்துவிடுவார்களே என்று அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. “யக்கா, முந்தியே சொல்லியிருக்கலாம்ல? நான் பாட்டுக்கு அவன் கால்ல மாட்டிவிட்டேன். இப்ப எதுக்கு உக்காந்து இன்னொன்னு பின்னுறீக?”

“கால் ரெண்டு இருக்குல்ல அவனுக்கு.”

வெயில் தாழ்வதற்குள் இரண்டாவது காலுறை முடிந்தது. வெள்ளை உல்லன் போதவில்லை, அதனால் விளிம்பு முதலாவதைவிடக் குறுகலாக வந்தது. வளையம் வைக்கவில்லை. சுருளி தூங்கி எழுந்ததும் இரண்டையும் மாட்டினார்கள். இப்போது அவன் வழுக்கி வழுக்கி விழுந்தான். விழுந்தாலும் கழற்ற விடவில்லை.

ராக்கையா தோட்டத்திலிருந்து ஒரு கூடை திராட்சையோடு வந்து, பஸ் நிற்கிற இடம் வரை தூக்கிக்கொண்டு நடந்தான். “பண்டிகையன்னைக்கு எல்லாரும் போடிக்கு வந்திரணும். அவரு கூட்டிட்டு வரச் சொன்னாக” என்றாள் கிருபாவதி. “வாரோம்” என்றான் ராக்கையா. “பேச்சி மரத்தைப் பத்திச் சொன்னா. அதை அவளும் பாக்கணும்ல.”

கம்பத்திலிருந்து பஸ் வந்து நின்றது. முத்துப்பேச்சி சொர்ணலதாவை இடுப்பில் வைத்திருந்தாள். கிருபாவதி ஏறி, கூடையை வாங்கிச் சீட்டுக்கு அடியில் வைத்து, பிள்ளைக்காகக் கையை நீட்டினாள். முத்துப்பேச்சி உடனே கொடுக்கவில்லை. பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை வைத்து மோந்தாள். கண்டக்டர் விசில் வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கிருபாவதியும் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளாமல், அவசரப்படுத்தாமல், காத்திருந்தாள்.