குறிகட்டுவான் படி

அப்பாவுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டு நாற்பத்தொரு நாட்கள். நயினாதீவில் படகேறும்போதெல்லாம் சிறுநீர்ப் பையை ஒரு சீலைப்பைக்குள் வைத்து, சந்தைக்குப் போகிறவர் போலக் கையில் பிடித்துக்கொள்வார்.

“பைக்குள்ள என்ன அண்ணை, மீனோ?” என்று படகில் யாராவது கேட்பார்கள்.

“ஓம், உயிர்மீன். கை வைச்சால் கடிக்கும்.”

நாளை யாழ்ப்பாணத்தில் புரஸ்டேட் சத்திரசிகிச்சை. வாகீசன் அண்ணா ஞாயிற்றுக்கிழமை கனடா திரும்பவேண்டும். தள்ளிப்போனால் அடுத்த திகதி எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது.

வார்டு வாசலில் அண்ணா என்னை மறித்தார். “அப்பாவின்ர நெத்திக் காயத்தைப் பற்றி டொக்டர் கேட்டால், படியில வழுக்கினவர் எண்டு மட்டும் சொல்லு. நீ வாய் திறக்காத பிள்ளை எண்டுதான் உன்னைத் துணைக்கு விட்டனாங்கள்.”

போன கிழமை குறிகட்டுவான் இறங்குதுறையில் அப்பா விழுந்தபோது பக்கத்தில் நின்றது நான் மட்டும்தான்.

மயக்க மருந்து டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னைவிடச் சில வயது மூத்த பெண்.

“இராசநாயகம் ஐயா, முதுகில ஒரு ஊசி. இடுப்புக்குக் கீழ விறைக்கும். நீங்கள் முழிச்சிருப்பீங்கள்.”

“முழுசா மயக்கி விடுங்கோவன்” என்றார் அண்ணா.

“சத்திரசிகிச்சையில உள்ளுக்குக் கழுவுற தண்ணி இரத்தத்தில கலந்தால் முதல் ஐயாவின்ர கதைதான் தடுமாறும். முழிச்சிருந்தால் எனக்கு உடன தெரியும்.”

“கதைக்கத்தானே?” அப்பா என்னைக் காட்டினார். “இவவின்ர பங்கையும் சேர்த்துக் கதைக்கிறவன் நான்.”

டொக்டர் சிரித்துவிட்டு மருந்தைப் பற்றிச் சொன்னார். குளுக்கோஸ் கலந்தது பாரமானது. ஊசி போட்டபின் கொஞ்ச நேரம் இருத்தி வைத்தால் கீழே தங்கும். அளவு கூடினால் மேலே ஏறி, இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். வால்வு சுருங்கிய இதயம் அதைத் தாங்காது.

“உங்கட நெஞ்சில ஒரு சின்னச் சத்தம் கேக்குது. வயசுக்கு அப்பிடிக் கேக்கிறதும் உண்டு. மயக்கம் ஏதும் வந்திருந்தால்தான் எனக்குப் பயம், வால்வு சுருங்கியிருக்கலாம். அப்பிடியெண்டால் முதல் நெஞ்சுக்கு ஸ்கான், பிறகுதான் எந்த மருந்து, எவ்வளவு எண்டு முடிவு. நெத்தியில என்ன?”

“படி வழுக்கினது” என்றார் அப்பா.

“மயக்கம் வரேல்லையோ?”

“சீச்சீ.”

“அப்ப வழமையான அளவு.” டொக்டர் பேனாவைத் திறந்தார்.

அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். சீலைப்பை கட்டில் கம்பியில் தொங்கியது. இன்னும் எத்தனை நாளென்றாலும் அது தொங்கட்டும். மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நானே தூக்கி வருகிறேன்.

“டொக்டர், எழுதாதேங்கோ.”

பக்கத்துக் கட்டில்காரரும் திரும்பிப் பார்த்தார்.

“நீ சும்மா இரு” என்றார் அண்ணா.

“இருக்கமாட்டன்.” கையை விடுவித்துக்கொண்டேன். “படி காய்ஞ்சு கிடந்தது, டொக்டர். அப்பா வழுக்கேல்லை. நிண்ட நிலையில நினைவில்லாமல் விழுந்தவர்.”